தணிவு என்னும் மயக்கம்

மது பதற்றத்தைத் தணிப்பதால் அதுவே பதற்றத்தைத் தூண்ட இயலாது என்னும் வாதம், குடித்த முதல் சில மணி நேரத்தை மட்டும் கணக்கில் கொண்டு மறுநாள் விடியலை விட்டுவிடுகிறது. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் வேதிப்பொருளான காபாவின் செயலை மது கூட்டி, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் தொடர்ந்து குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்ட எதிர்த்திசையில் தன்னை மாற்றிக்கொள்வதால், போதை இறங்கியதும் கிளர்ச்சியே மேலோங்கி, படபடப்பும் வியர்வையும் கைநடுக்கமும், செத்துவிடுவோமோ என்னும் திகிலும், பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டுகின்றன. காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கட்டிங்’ இவற்றை அடக்குவதை மதுவின் மருத்துவக் குணத்துக்குச் சான்றாகக் காட்டுவது விந்தையிலும் விந்தை. அது அடிமைநிலைக்கே சான்று. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் ஆதலால், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை.