கறல் பிடித்த குற்றியும் தேசிக்காயும்

கறல் பிடித்த குற்றிகளைத் தேசிக்காய்ப் புளியிலும் வினாகிரியிலும் ஊற வைக்கிற வீடியோக்கள் இப்போது எல்லோருடைய போனிலும் சுற்றுகின்றன. பிள்ளைகளும் செய்து பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மூத்தவாப்பா சேர்த்து வைத்த டின்னை அப்படியே கவிழ்த்துக் கொட்ட விடாதீர்கள் என்கிறோம் நாங்கள்.

2005இல் வந்த 1 ரூபா, 5 ரூபா குற்றிகள் பார்வைக்குத்தான் பித்தளை. உள்ளே உருக்கு, மேலே மெல்லிய பூச்சு. காந்தம் வைத்தால் ஒட்டும். பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரம் பட்டால் கறல்தான். புளி அந்தக் கறலைக் கரைக்கும், ஆனால் அதோடு நிற்காது. பித்தளையில் இருக்கிற நாகத்தையும் தின்னும். மஞ்சள் குற்றி செம்பு நிறமாகிவிடும். (அதையும் 'பளபளப்பு' என்றுதான் வீடியோக்காரர் சொல்வார்!) இரவு முழுக்க ஊறினால் உருக்கும் அரிபடும்.

எழுபதுகளின் 1 ரூபாக் குற்றி செம்பும் நிக்கலும் கலந்தது. காந்தத்தில் ஒட்டாது, அதில் இரும்புக் கறலும் வராது. அதை ஏன் புளியில் போட வேண்டும்?

கடையில் கொடுக்கிற குற்றியென்றால் பத்து நிமிடம் போதும். பழைய பிரஷால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காய வையுங்கள். ஈரம் நின்றால் கறல் திரும்பவும் வரும். சேர்த்து வைக்கிற குற்றிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவித் துடைத்தால் போதும். தேய்த்து மினுக்கிய குற்றியைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை.

ஊற வைத்த கோப்பையைத் திரும்பக் குசினியில் பாவிக்காதீர்கள்.