பெங்களூராவுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற வழியில் குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் இறங்கினால், வேப்பனப்பள்ளி ரோடு பிரியும். அதில் இன்னும் கொஞ்சம் போனால் ஒரு கையில் ஆந்திரா, ஒரு கையில் கர்நாடகா. கூட்ரோடு டீக்கடையில் ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து வரும். சர்க்கரைதான் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

என் மச்சினன் இங்கே சின்னதாக ஒரு மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கிறான். வருஷத்தில் ரெண்டரை மாசம் ஃபேக்டரி ஓடும். மீதி மாசங்களில் அவன் ஓடுவான், பேங்குக்கு.

"மாமா, துபாய்க்கு ஃப்ரீயா அனுப்பலாமாமே? பேப்பர்ல போட்டிருக்கான்."

நான் ஓசூரில் ஒரு கம்பெனியின் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறவன். பெரிய கம்பெனிக்கு இதற்கென்று தனி டிபார்ட்மென்ட் உண்டு. மச்சினனுக்கு நான்தான் டிபார்ட்மென்ட்.

"ஃப்ரீயா இல்ல மச்சான், ஃப்ரீ டிரேடு!"

ஐக்கிய அரபு அமீரகத்தோடு நாம் போட்ட ஒப்பந்தம் 2022 மே 1 முதல் அமலில் இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. அமீரகத்தில் பெரும்பாலான சரக்குக்கு ஐந்து சதவீதம் இறக்குமதி வரி. ஒப்பந்தத்துக்குள் வரும் சரக்குக்கு அது குறையும், அல்லது இல்லாமலே போகும். பன்னிரண்டு லட்ச ரூபாய் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி முழுக்கப் போனால் அறுபதாயிரம் மிச்சம்.

மச்சினன் கண்ணில் அறுபதாயிரமும் சில்லறையாகத் தெரிந்தது.

"உனக்கு வராது. வரி கட்டறவன் துபாய்க்காரன், மிச்சமும் அவனுக்குத்தான். விலையில கொஞ்சம் ஏத்திக் குடுன்னு நீ கேட்டு வாங்கணும்."

கேட்பதற்கு முதலில் அவனைத் தெரிய வேண்டுமே! மச்சினன் கூழை ஒரு வெளியூர் வியாபாரி வாங்கி, தன் பெயரில்தான் கப்பலேற்றுகிறார். கூழ் பலமுறை வளைகுடா பார்த்துவிட்டது. இவன் இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை.

சரி, நேராகவே அனுப்பலாம் என்று உட்கார்ந்தோம். ஏற்றுமதி கோடு எண்ணுக்கு ஐந்நூறு ரூபாய். பான் நம்பர்தான் அந்த எண்ணும். பிறகு அபேடாவில் பதிவு. அதற்குப் பிறகுதான் முக்கியமானது, சரக்கு எந்த நாட்டில் பிறந்தது என்று ஒரு சான்றிதழ். அது இல்லாவிட்டால் ஒப்பந்தம் இருந்தும் முழு வரிதான்.

"நம்ம காய் பேரே பெங்களூராவாச்சே மாமா, சிக்கல் வராதா?"

வராது. ஊரெல்லாம் தோத்தாபுரி என்கிற காயை நாம் பெங்களூரா என்போம். துபாய்க்காரனுக்கு எல்லாம் இந்தியாதான். எந்த மாநிலம் என்று கேட்பதெல்லாம் நமக்கு நாமே செய்துகொள்வது. 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டது. அங்கே விளைந்ததற்கே விலை இல்லை. அவர்கள் சங்கடம் அவர்களுக்கு. கர்நாடக முதல்வர் சித்தராமையா கடிதமே எழுதினார். இந்தப் பக்கம் கிலோ விலை ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. மச்சினன் குடோனில் முந்தின வருஷக் கூழ் விற்காமல் அடுக்கியிருந்தது. சொந்த அப்பா தோட்டத்துக் காயையே அவனால் வாங்க முடியவில்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று என் மாமனார் காயை மரத்திலேயே விட்டுவிட்டார். அப்பாவும் பிள்ளையும் அந்தச் சீசன் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் இவ்வளவு வேகம். துபாயில் ஒருவர் விசாரித்து மெயில் அனுப்பியும் விட்டார். வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தத் தோட்டத்துக் காய், என்ன மருந்து அடித்தது, எந்தத் தேதியில், பறித்தது எப்போது என்று நாலு கேள்வி.

"மண்டியிலேர்ந்து வந்துச்சுன்னு எழுதிடவா மாமா?"

"எழுது. அவன் வேற மண்டிக்குப் போயிடுவான்."

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். வாசல் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்தார். சுவரிலிருந்த மாசக் காலண்டரைக் கழற்றி மேஜைமேல் போட்டார். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் பென்சில் எழுத்து. எந்த வரிசை மரத்துக்கு என்ன மருந்து, எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை டேங்க், கூலி எவ்வளவு, எல்லாம் இருந்தது. ஃபேக்டரி வைத்து இத்தனை வருஷத்தில் பிள்ளை அதை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

"ஏம்ப்பா, சொல்லவே இல்ல?"

"நீ எங்கடா கேட்ட?"

மச்சினன் பேசாமல் செல்போனை எடுத்து, தாள் தாளாகப் போட்டோ பிடிக்க ஆரம்பித்தான். மார்ச் மாசம் வந்ததும் மாமனார் கையை வைத்து மறைத்தார்.

"மாப்பிள்ளை, இதுல நகைக்கடன் வட்டி கட்டினதும் எழுதியிருக்கேன். துபாய்க்காரருக்கு அதுவும் தெரியணுமா?"