பென் டிரைவைப் பீரோ ஆக்காதீர்கள்

திருப்பூரில் எந்த எம்ப்ராய்டரி யூனிட்டுக்குப் போனாலும் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் பென் டிரைவைப் பார்க்கலாம். பையரின் லோகோ மெர்ச்சண்டைசரிடமிருந்து மெயிலில் வருகிறது. பஞ்சிங் செய்பவர் அதைத் தையல்களாக மாற்றித் தருகிறார். அந்த பைல் பென் டிரைவில் ஏறி மெஷினுக்குப் போகிறது. இதுவரை தவறில்லை. ஆர்டர் முடிந்த பிறகும் அந்த டிசைன் அதே பென் டிரைவில், அங்கே மட்டும், ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. எம்ப்ராய்டரி மட்டுமல்ல, கட்டிங் மாஸ்டரின் அளவு சார்ட், டேலி கணக்கின் பேக் அப், வேலையாட்களின் ஆதார் நகல், வீட்டுக் கல்யாண போட்டோ எல்லாம் சட்டைப் பையில் இருக்கும் ஒரு விரல் அளவுப் பொருளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு டேட்டாவைக் கொண்டு போகும் சாதனம். அதில் எதையும் சேமித்து வைக்கக் கூடாது என்பது என் கருத்து. கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். காரணம் சொல்கிறேன்.

பிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூஜியோ மசுவோகா. 1984-ல் இதனை அறிவித்தார். இன்று பென் டிரைவ், மெமரி கார்டு, செல்போன், எஸ்.எஸ்.டி. எல்லாவற்றிலும் இருக்கும் நாண்ட் வகை 1987-ல் வந்தது. ஒரு பெரிய பகுதியில் உள்ள டேட்டா முழுவதும் கேமரா பிளாஷ் போல ஒரே நொடியில் அழிந்துபோவதால் இந்தப் பெயரை அவருடன் பணியாற்றியவர் சொன்னாராம். எழுதுவதற்காகப் பிறந்த மெமரிக்கு அழிப்பதை வைத்துப் பெயர் வந்தது வேடிக்கைதான்.

இதற்குள் சுழலும் தட்டு எதுவும் இல்லை. நுண்ணிய செல்கள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு செல்லிலும் எலெக்ட்ரான்களைச் சிறை வைப்பதுதான் சேமிப்பு. எவ்வளவு எலெக்ட்ரான்கள் உள்ளே இருக்கின்றன என்பதை வைத்து அது 0-வா 1-ஆ என்று படிக்கப்படுகிறது. செல்லைச் சுற்றி மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்தப் படலம் கொஞ்சம் தேய்கிறது. ஒரு செல்லில் ஒரே ஒரு பிட் வைக்கும் பழைய வகை சிப்கள் சுமார் 1 லட்சம் முறை தாங்கும். இடம் அதிகமாகவும் விலை குறைவாகவும் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரே செல்லில் இரண்டு, மூன்று, நான்கு பிட்களைத் திணிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பிட் வகை சில ஆயிரம் முறைதான் தாங்கும். மூன்று பிட் வகை அதையும்விடக் குறைவு. நீங்கள் வாங்கிய பென் டிரைவில் எந்த வகை சிப் இருக்கிறது என்று பாக்கெட்டில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

தேய்மானம் ஒரு பக்கம் இருக்கட்டும். சும்மா வைத்திருந்தாலும் அந்த எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். எஸ்.எஸ்.டி.களுக்கான ஜெடெக் அமைப்பின் தர நிர்ணயம் என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. ஒன்று எழுத வேண்டிய அளவு முழுவதையும் எழுதித் தீர்த்த பிறகு, கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு டேட்டாவை வைத்திருந்தால் போதும் என்கிறது. அதிகம் பயன்படுத்தாத புதிய சிப் இதைவிடப் பல ஆண்டுகள் தாக்குப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் சித்திரை மாதத்தில் தகரக் கூரை போட்ட யூனிட்டுக்குள் 30 டிகிரி என்பது நமக்குக் குளிர்ச்சி!

எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் நடந்தது இது. பழைய பையர் ஒருவரிடமிருந்து ரிப்பீட் ஆர்டர் வந்தது. பென் டிரைவைச் சொருகினால் கம்ப்யூட்டர் அதை அடையாளமே காணவில்லை. "தம்பி, பத்து வருச டிசைனுங்க, எல்லாம் இதுலதான் இருக்குது. எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க" என்று யூனிட்காரர் என்னிடம் கொண்டு வந்தார். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் என்ற சிப் செத்துப்போனால் வீட்டில் இருக்கும் எந்த சாப்ட்வேரும் உதவாது. மெமரி சிப்பைத் தனியே படிக்கும் வசதி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கும் உறுதி கிடையாது. கடைசியில் லோகோவை மறுபடி பஞ்சிங் செய்தார்கள். தையல் திசையும் அடர்த்தியும் முன்பு போல் வரவில்லை. பையர் வைத்திருந்த பழைய சாம்பிளோடு பொருந்தவில்லை. மூன்று முறை சாம்பிள் போட்ட பிறகே ஓகே ஆனது. அதுவரை மெஷின் நின்றது, ஆட்களுக்கு வேலை இல்லை.

இத்தனைக்கும் அந்தப் பத்து வருட டிசைன்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? எம்ப்ராய்டரி மெஷின்களில் பரவலாகப் புழங்குவது டி.எஸ்.டி. என்ற பைல். ஜப்பானின் தஜிமா நிறுவன மெஷின்களுக்காக வந்த வடிவம் இது. இதில் ஒரு தையலுக்கு 3 பைட். ஆரம்பத்தில் 512 பைட் தலைப்பு. அவ்வளவுதான். 10,000 தையல் உள்ள லோகோ சுமார் 30 கே.பி. அப்படி ஆயிரம் டிசைன்கள் சேர்ந்தாலும் 30 எம்.பி.தான். செல்போனில் எடுக்கும் ஒரு சின்ன வீடியோ இதைவிடப் பெரிது. இதை மூன்று இடங்களில் காப்பி எடுத்து வைக்க ஒரு ரூபாய் செலவில்லை. இடம் போதாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டி.எஸ்.டி. பைலில் உண்மையான நூல் நிறம் இருக்காது. "இங்கே நிறம் மாற்று" என்ற கட்டளை மட்டுமே இருக்கும். எனவே பஞ்சிங் சாப்ட்வேரின் ஒரிஜினல் பைலையும் (வில்காம் என்றால் இ.எம்.பி.) நூல் நம்பர் எழுதிய கலர் கார்டின் போட்டோவையும் சேர்த்து வையுங்கள். "பஞ்சிங் போடுகிறவரிடம் எல்லாம் இருக்குமே" என்பார்கள். அவர் கம்ப்யூட்டரும் ஒருநாள் கெட்டுப்போகும். காசு கொடுத்துச் செய்த டிசைன் உங்களுடையது. ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் யு.எஸ்.பி. எமுலேட்டர் பொருத்தியிருப்பீர்கள். அதற்கான பென் டிரைவ், 1.44 எம்.பி. கொண்ட நூறு பிளாப்பிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது வழக்கம். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் விண்டோஸ் முதல் பிளாப்பியை மட்டும் காட்டும். "என்னடா, 8 ஜி.பி. டிரைவ் 1.44 எம்.பி. என்று காட்டுகிறதே" என்று பார்மட் கொடுத்துவிடாதீர்கள். மீதி 99 பிளாப்பிகளும் போய்விடும்.

பார்மட் என்றதும் டெலீட் பற்றியும் சொல்ல வேண்டும். பென் டிரைவில் ஒரு பைலை டெலீட் செய்தால் அது உடனே அழிந்துவிடுவதில்லை. பென் டிரைவ்களில் வழக்கமான பேட்32 முறையில் பைல் பெயரின் முதல் எழுத்து இருக்கும் இடத்தில் ஓர் அடையாளம் மட்டும் போடப்படுகிறது. "இந்த இடம் காலி, வேறு எழுதலாம்" என்று அதற்குப் பொருள். உள்ளே டேட்டா அப்படியே இருக்கும், புதிய பைல் அதன்மேல் எழுதப்படும் வரை. ஆகவே தெரியாமல் அழித்துவிட்டால் பதறாமல் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். அதில் புதிதாக எதையும் காப்பி செய்யாதீர்கள். ரெக்குவா, போட்டோரெக் போன்ற இலவச சாப்ட்வேர்களைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் நிறுவி முயன்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மீட்ட பைல்களையும் ஹார்ட் டிஸ்க்கிலேயே சேமிக்க வேண்டும். ஆனால் புதிய கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி. இருந்தால் இந்த நம்பிக்கை வேண்டாம். விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையை அனுப்பி, அழித்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லிவிடும். அதன் பிறகு மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. நீங்கள் மீட்க முடிகிறதென்றால் அடுத்தவரும் மீட்கலாம். இன்னும் கடைக்கு வராத சீசன் டிசைனை டெலீட் செய்துவிட்டு, அதே பென் டிரைவைப் பக்கத்து யூனிட்காரர் கேட்டார் என்று கொடுத்தால், டிசைனையும் சேர்த்துக் கொடுத்ததாகவே பொருள். ஆதார் நகலுக்கும் இதேதான். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது தேவையான ஒரே ஒரு பைல் மட்டும் உள்ள தனி பென் டிரைவைக் கொண்டு போங்கள். விண்டோஸின் சாதாரண பார்மட்டில் குவிக் பார்மட் என்ற டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பார்மட் செய்தால் நேரம் அதிகம் ஆகும், ஆனால் முழுவதும் எழுதி அழிக்கப்படும்.

ஜெராக்ஸ் கடை என்றதும் வைரஸ் நினைவுக்கு வரும். 2008-ல் பரவிய கான்பிக்கர், 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் இரண்டும் பென் டிரைவ் வழியாகவும் பரவியவை. சொருகியதும் புரோகிராம் தானாக ஓடும் வசதியை பென் டிரைவ்களுக்கு விண்டோஸ் 7-லேயே மைக்ரோசாப்ட் நிறுத்தியது. 2011-ல் எக்ஸ்.பி.க்கும் விஸ்டாவுக்கும் அதே மாற்றத்தை அனுப்பியது. ஆனாலும் போல்டர்களை மறைத்துவிட்டு ஷார்ட்கட்களைக் காட்டும் வைரஸ் நம்மூரில் ஓய்ந்தபாடில்லை. டேட்டா போய்விட்டது என்று நினைத்துப் பார்மட் செய்யாதீர்கள். போல்டர் ஆப்ஷன்ஸ் பகுதியில் மறைக்கப்பட்ட பைல்களையும் சிஸ்டம் பைல்களையும் காட்டச் சொன்னால் பெரும்பாலும் உங்கள் போல்டர்கள் மங்கலாகத் தெரியும். ஷார்ட்கட்டை மட்டும் கிளிக் செய்யாதீர்கள்.

வாங்கும்போதே ஏமாறுவதும் உண்டு. 64 ஜி.பி. டிரைவ் கம்ப்யூட்டரில் 59.6 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024 ஆகக் கணக்கிடுகிறது. ஏமாற்று வேறு விதம். 8 ஜி.பி. சிப்பை வைத்துக்கொண்டு 512 ஜி.பி. என்று பொய் சொல்லும் டிரைவ்கள் மிக மலிவாக விற்கின்றன. காப்பி ஆகும், பைல் பெயரும் தெரியும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாப்ட்வேர் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே, எதையும் போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்.

காப்பி ஆகும்போது பிடுங்குவது பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் குவிக் ரிமூவல் தானாகவே அமைந்துள்ளது. என்றாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினாலோ யு.பி.எஸ். இல்லாமல் கரண்ட் போனாலோ பாதி பைல்தான் மிஞ்சும்.

இனி கணக்கு வழக்கு. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். அதாவது ஆறு ஆண்டுகள். ஜாப் ஒர்க் பில்கள் அடங்கிய டேலி பேக் அப்பை ஆறு ஆண்டுகள் ஒரே பென் டிரைவை நம்பி வைத்திருப்பது துணிச்சல் என்றுதான் சொல்வேன். நோட்டீஸ் வரும்போது "பென் டிரைவ் கரப்ட் ஆகிவிட்டது" என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் எங்கே வைப்பது? கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. வீட்டில் வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை இன்னொரு பிரதி. யூனிட்டில் தீ விபத்தோ திருட்டோ நடந்தால் இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. மூன்றாவது பிரதி இன்டர்நெட்டில். கூகுள் கணக்குடன் 15 ஜி.பி. இலவசமாகக் கிடைக்கிறது. பையரின் டிசைனை நெட்டில் வைக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். பாஸ்வேர்டு போட்ட ஜிப் பைலாக ஏற்றலாம். 7-ஜிப் இலவசம். அந்த பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்காமல் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். 30 கே.பி. பைலுக்கு இத்தனை ஏற்பாடும் அதிகம் என்று தோன்றினால், உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்புங்கள். அதுவும் ஒரு பிரதிதான்.

பெயர் வைப்பதில் சோம்பல் வேண்டாம். "நியூ 1", "பைனல்", "பைனல் ஓகே" என்று வைத்தால் இரண்டு மாதத்தில் உங்களுக்கே தெரியாது. பையர், ஸ்டைல் நம்பர், தேதி மூன்றும் போல்டர் பெயரில் இருக்கட்டும். பேக் அப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு பைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக் அப் என்பதை நாள் தவறாமல் எடுத்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் பென் டிரைவைக் காலி செய்து ஆணியில் மாட்டுங்கள். அது செத்துப்போனால் அப்படியே குப்பையில் வீசாதீர்கள். கன்ட்ரோலர் செத்தாலும் மெமரி சிப்புக்குள் டேட்டா உயிரோடு இருக்கலாம். உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் கறுப்பு சிப் இரண்டாக உடையும்படி சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, எலெக்ட்ரானிக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.