மீனுக்கு முன்னால் கல்

நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். விஞ்ஞானத்தோட எங்களுக்கிருந்த உறவு சாதாரண தரத்தோட முடிஞ்சது. அப்படியிருந்தும் போன வருசம் வாடகை வீட்டு முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தோம். 90 சென்ரிமீற்றர் நீளம், அகலமும் உயரமும் 45. கிட்டத்தட்ட 180 லீற்றர் தண்ணீர். காசு சேர்த்து வெளிச்சம் வாங்கினோம், பம்ப் வாங்கினோம், இரண்டு கோமாளி மீனும் மண் தோண்டுற ஒரு கோபி மீனும் வாங்கினோம். கல்லை மட்டும் ஒரு பின்னேரத்தில், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, மணலுக்கு மேல அடுக்கி முடித்தோம்.

மூன்றாம் மாதம், இரவு இரண்டு மணிபோல ஒரு சத்தம். கோபி தன் வேலையைச் செய்திருக்கிறது. அடிக்கல்லுக்குக் கீழே இருந்த மணலைத் தோண்டித் தோண்டி வெளியே தள்ள, மேல் கல் உருண்டு கண்ணாடியில் விழுந்து, மூலையிலிருந்து மூலைக்கு வெடிப்பு. உப்புத் தண்ணி அறை முழுக்க. கீழே வைத்திருந்த விரிவுரைக் குறிப்புகள் ஊறிப்போச்சு. வாளியில் போட்ட மீன்கள் விடியும்வரை உயிரோடு இருந்தன, பிறகு இல்லை. வீட்டுக்கார அன்ரி ஏசவில்லை. "பாவமடா அந்த மீனுகள்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு ஒரு கருத்து வந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வாறோம்: கடல்நீர்த் தொட்டியில் கல் அலங்காரம் இல்லை, அதுதான் தொட்டி. கல்லுக்கு நேரம் ஒதுக்க ஏலாதவர் மீன் வாங்கக்கூடாது.

ஏன் இப்படி அடிச்சுச் சொல்லுறோம்? மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அது நஞ்சு. நுண்துளை உள்ள கல்லின் மேலும் உள்ளும் குடியிருக்கிற பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்கி, பிறகு கெடுதி குறைந்த நைத்திரேற்றாக்கும். புதுக்கல்லில் இந்தக் குடித்தனம் வளர நாலு, ஆறு கிழமை எடுக்கும். அதுவரை மீன் விடக்கூடாது. மீன் ஒளிக்கிறதும் படுக்கிறதும் கல்லுக்குள்ளேதான். பவளம் ஒட்டி வளர்வதும் அதிலேதான். இவ்வளவையும் ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம் என்று நினைச்சது எங்கட பிழை.

அடுக்குகிற முறையை யூரியூப்பில் தேடித்தான் பார்த்தோம். பிறகு நெடுந்தீவுக்குப் போனபோது, அது எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது விளங்கியது. அங்கே வளவுகளைச் சுற்றி முருகைக்கல் மதில்கள் நிற்கின்றன. சீமெந்து இல்லை, சாந்து இல்லை. கல்லுக்கு மேல் கல். கச்சான் காற்றுக்கும் அசையாது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள கற்களில் பல இடத்தில் பொருந்தி உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் முறை அதைத்தான் செய்தோம். தொட்டியின் அளவுக்கு ஒரு மட்டையை வெட்டி நிலத்தில் விரித்து, அதில் கல்லை அடுக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு கல்லும் குறைந்தது மூன்று இடத்தில் தொட வேண்டும். கையால் தட்டிப் பார்த்து, ஆடினால் கழற்றித் திரும்ப வைக்க வேண்டும். ஒட்டாமலே நிற்கிற அடுக்கைத்தான் ஒட்ட வேண்டும். எபொக்சிப் பசையும் ஜெல் மாதிரியான சுப்பர் குளூவும் நிற்கிற கல்லை நகராமல் பிடிக்கும், விழப்போகிற கல்லைக் காப்பாற்றாது. உயரமாக எழுப்புவதென்றால் கல்லில் துளை போட்டு அக்கிரிலிக் கம்பி செருகலாம். இரும்பு துருப்பிடிக்கும். செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

பிறகு அடிக்கல்லை நேரே கண்ணாடித் தளத்தில், மெல்லிய பிளாஸ்ரிக் வலைத்தட்டின் மேல் இருத்தினோம். மணல் கடைசியில்தான். இனி கோபி எவ்வளவு தோண்டினாலும் அடிக்கல் இறங்க இடமில்லை. பின் கண்ணாடியோடு சாத்திச் சுவர் மாதிரிக் கட்டவும் வேண்டாம். சுற்றிவர ஒரு கை போகிற இடைவெளி விட்டால் தண்ணி ஓடும், அழுக்குத் தேங்காது, கண்ணாடி துடைக்கலாம். பவளம் வளரும், பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். அதுக்கும் இடம் வேண்டும்.

இனி எங்களுக்குள்ளேயே சண்டை வந்த விசயம். நெடுந்தீவில் நிற்கும்போது எங்களில் ஒருவர் கேட்டார்: "கரையில சும்மா கிடக்குது. ஒரு பை கொண்டுபோனா கடல் குறைஞ்சிடுமோ?" இரண்டு பேர் "எடுப்பம்" என்றார்கள். படகு வரும்வரை வாக்குவாதம். கடைசியில் வெறுங்கையோடுதான் குறிகட்டுவான் வந்தோம். அது சரியென்றே இப்போதும் நினைக்கிறோம்.

தென்மேற்குக் கரையில் எத்தனையோ வருசமாக முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். ஒவ்வொருவரும் எடுத்தது கொஞ்சம்தான். 1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தித்தான் அதைத் தடைசெய்தார்கள், அதுக்குப் பிறகும் களவாக நடந்தது. 2004 சுனாமியில் பெரலியவில் ரயிலையே அலை அடித்துப் போனது. அங்கே முருகைக்கல் தோண்டப்பட்டிருந்ததால் அலை தடையின்றி உள்ளே வந்தது, பாறை மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அழிவு குறைவு என்று ஆய்வாளர்கள் பிறகு எழுதினார்கள். 1998இல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளிறிச் செத்த கதையும் இருக்கிறது. இவ்வளவு அடிபட்ட கடலிடம் எங்கட முன்னறைக்காக இன்னொரு பை கேட்க வாய் வரவில்லை. கடையில் "உயிர்க்கல்" என்று விற்றாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாத கல்லை வாங்காதீர்கள்.

எங்கட கல்லை நாங்களே வார்த்தோம். சீமெந்து, கோழித்தீனுக்கு விற்கிற சிப்பித்தூள், கல்லுப்பு. காய்ந்த பிறகு தண்ணியில் போட உப்புக் கரைந்து துளை விழும். புதுச் சீமெந்து தண்ணியின் காரத்தைக் கூட்டுவதால், கிணற்றுத் தண்ணியில் ஊறவைத்து, மாற்றி மாற்றிக் கிழமைக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். முதலில் பார்க்க வடிவில்லை, இடிச்ச வீட்டுத் துண்டு மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் ஊதாப் பாசி படர்ந்து மூடிவிட்டது.

இது காசுள்ளவர் விளையாட்டு என்று சிலர் சொல்லுவார்கள். முழுக்கப் பொய்யில்லை. கடலை அடைச்சு வைக்கவே கூடாது என்று சொல்லுகிறவரும் எங்கட நாலு பேருக்குள்ளேயே இருக்கிறார். அவருக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் வைக்கிறதென்று முடிவெடுத்தால், உள்ளே விடுகிற உயிருக்கு இரவு இரண்டு மணிக்கும் நிற்கிற வீட்டைக் கட்டிக் கொடுங்கள்.

புதுத் தொட்டியில் கல் வைத்து ஏழு கிழமை மீன் விடவில்லை. அன்ரி ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்து, "கல்லைத்தான் வளர்க்கிறியளோ?" என்று கேட்டார். ஓம் என்றோம்.