பேனாவின் குற்றமா?

"மின்னணு நடனச் சங்கீதத்தில் ஜீவன் இல்லை, எல்லாம் யந்திரம்!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள் நம் ரஸிகர்கள். குற்றம் யந்திரத்தினுடையதா, அதை முடுக்கியவனுடையதா? ஹை-ஹாட் என்னும் ஜோடித் தட்டின் பதினாறு அடிகளையும் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் கொட்டினால் தையல் மெஷின் சத்தந்தான் வரும். 1980-இல் வந்த எல்எம்-1 கருவியிலேயே ரோஜர் லின் இதற்கு வழி செய்துவிட்டார்: ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது அடி சற்றே பிந்தலாம். 50 சதவிகிதம் என்றால் நேர் நடை. 66-ஐ எட்டினால் திஸ்ரத்தின் ஊசல். நடுவில் எங்கோதான் கால் தானாக ஆடத் தொடங்குகிறது. அந்த இடத்தைக் காதுதான் தேட வேண்டும். தேடச் சோம்பியவன் யந்திரத்தை வைகிறான். நானும் மோசமான கதைகள் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் பேனாவைக் குறை சொன்னதில்லை.