வாடிய மலர்வளையத்தை யார் எடுப்பது?

போரில் உயிர்நீத்தோரின் நினைவிடங்களில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். அனைவரும் தலைகுனிந்து அமைதி காக்க, மலர்வளையங்கள் வரிசையாக வைக்கப்படும். மறுநாள் அக்காட்சி நாளிதழ்களில் படமாக வெளிவரும். ஆனால், பத்து நாள்களுக்குப் பிறகு அந்த மலர்வளையங்களின் நிலை என்ன என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. மலர்வளையத்தை வைப்போரே, அதை எடுக்கும் நாளையும் முறையையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கோலாலம்பூரில் ஏழு வெண்கல உருவங்களோடு நிமிர்ந்து நிற்கும் தேசிய நினைவுச்சின்னம் 1966ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதே வளாகத்தில், இரு உலகப் போர்களிலும் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும் மாண்டவர்களுக்கான நினைவுத்தூணும் உள்ளது. வெளிநாட்டுத் தலைவர்கள் பலர் அவ்வளாகத்தில் மலர்வளையம் வைத்துள்ளனர். இத்தகைய பெரிய நினைவிடங்களில் துப்புரவுப் பணியாளர்கள் இருப்பார்கள். சிற்றூர்களில் உள்ள நினைவுச்சின்னங்களின் நிலையோ வேறு.

பந்திங் வட்டார மாணவர்களுக்கு மோரிப் கடற்கரை நன்கு அறிமுகமான இடம். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் அங்குத் தரையிறங்கின. அவற்றுள் இந்தியப் படைப்பிரிவுகளே மிகுதி. ஜப்பான் ஒரு வாரத்திற்கு முன்பே சரணடைந்திருந்ததால் அங்குப் போர் மூளவில்லை. வாகனங்கள்தாம் சேற்றில் சிக்கித் தவித்தன. அந்நிகழ்வை நினைவுகூரும் சின்னம் இன்றும் அக்கடற்கரையில் உள்ளது. இதுபோன்ற திறந்தவெளியில் வைக்கப்படும் மலர்வளையம் நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் எத்தனை நாள் தாங்கும்? சில நாள்களிலேயே பூக்கள் கருகிவிடும். கம்பியும் நெகிழி நாடாவும் பூக்களைச் செருகும் பச்சை நுரைப்பஞ்சும் மட்டுமே எஞ்சும். அந்த நுரைப்பஞ்சு மண்ணோடு மக்குவதில்லை; நுண்ணிய நெகிழித் துகள்களாக உதிரும். காற்றடித்தால் இவை கடலுக்கே போய்ச் சேரும்.

சுகாதாரக் கேடும் இதில் அடங்கியுள்ளது. பூச்சாடிகளிலும் நெகிழி உறைகளிலும் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். வீட்டு வளாகத்தில் நீர் தேங்கவிடுவோருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தண்டம் விதிக்கப்படுகிறது. அப்படியிருக்க, மாண்டோருக்குச் செய்யும் மரியாதை உயிரோடு இருப்போருக்கு டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரலாமா?

அஞ்சலி மலர்களை அகற்றுவது அவமதிப்பாகும் எனச் சிலர் தயங்குகின்றனர். அவர்களின் உணர்வு மதிக்கத்தக்கதே. எனினும், நம் கோயில்களில் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். முதல்நாள் சாத்திய மாலையை மறுநாள் காலையில் களைந்த பிறகே இறைவனுக்குப் புதுமாலை சூட்டுகின்றனர். களைந்த மாலைக்கு நிர்மாலியம் என்று தனிப்பெயரும் உண்டு. கால்படும் இடத்தில் அதைப் போடுவதில்லை. இறைவனின் மாலையையே உரிய முறையில் களையலாம் என்றால், நினைவிடத்து மலரைக் களைவதில் பிழையேதும் இல்லை. அதைக் குப்பைபோல் கிடக்க விடுவதுதான் அவமதிப்பு.

“இது நகராண்மைக் கழகத்தின் வேலை, நமக்கேன் கவலை?” என்று கேட்போரும் உண்டு. துப்புரவுப் பணியாளருக்கு அது அன்றைய குப்பைகளுள் ஒன்று. எந்த மலர்வளையத்தை எப்போது எடுக்கலாம் என்று எவரும் சொல்லாதபோது, ஒன்று மறுநாளே குப்பை வண்டியில் ஏறும். மற்றொன்று மாதக்கணக்கில் அழுகிக் கிடக்கும். இரண்டுக்கும் காரணம் வைத்தவர்களின் அக்கறையின்மையே.

பராமரிப்பு ஏன் இத்துணை முக்கியம் என்பதைச் சயாம் மரண இரயில் பாதையின் வரலாறு உணர்த்துகிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் ஏராளம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பேணி வருகிறது. கல்லறைகளுக்கிடையே பூச்செடிகள் வளர்க்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளர்களுக்கோ பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. 2023ஆம் ஆண்டில்தான் அங்குள்ள புத்தர் கோயிலில் அவர்களுக்கு நடுகல் நாட்டப்பட்டது. மாண்ட வீரருக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே கூறுகிறது. கல்லை நாட்டுவதோடு கடமை முடிவதில்லை. பேணுவாரற்ற கல் புதரில் மறையும். கல் மறைந்தால் அவர்தம் வரலாறும் மறையும்.

எனவே, மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறேன். முதலாவதாக, மலர்வளையத்தை எடுக்கும் நாளை விழா அழைப்பிதழிலேயே குறிப்பிட வேண்டும். ஐந்து நாள் போதுமானது. இரண்டாவதாக, நெகிழியையும் நுரைப்பஞ்சையும் தவிர்த்து இலை, ஓலை, மூங்கில் ஆகியவற்றால் மலர்வளையம் செய்ய வேண்டும். இது நடக்கக்கூடியதே. பிரிட்டனில் முன்னாள் வீரர்களுக்கான அமைப்பு 2023இல் நெகிழியே இல்லாத காகிதப் பாப்பிப் பூவை அறிமுகப்படுத்தியது. மூன்றாவதாக, மலர்வளையத்தோடு இணைத்த பெயரட்டைகளைக் குப்பையில் போடாமல் பள்ளி நூலகத்தில் தொகுத்து வைக்க வேண்டும். யார், யாரை, எப்போது நினைவுகூர்ந்தனர் என்பதற்கு அவை சான்றாகும்.

இப்பணியில் சாரணர் இயக்கம், வரலாற்றுக் கழகம் போன்றவற்றின் மாணவர்கள் ஈடுபடலாம். வாடிய பூக்களைப் பிரித்தெடுத்துப் பள்ளித் தோட்டத்திற்கு உரமாக்கலாம். கம்பியை மறுபடியும் பயன்படுத்தலாம். அவ்வேளையில் கல்லில் பொறித்த பெயர்களையும் ஆண்டுகளையும் படிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டும். விழா நாளில் கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் மாணவருக்கு அவ்வாய்ப்பு அமைவதில்லை. ஆகவே, அடுத்த முறை உங்கள் பள்ளி ஒரு நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கத் திட்டமிட்டால், அதை எடுக்கப்போவது யார் என்பதையும் அக்கூட்டத்திலேயே கேளுங்கள்.