கல்லுக்குப் பல் வைப்பவர்

டாலிகஞ்ச் சந்துகளில் மதிய நேரத்தில் எப்போதாவது 'ஷில் காட்டாவ்' என்று ஒரு நீண்ட குரல் கேட்கும். நம் ஊர் 'அம்மி கொத்தலையோ அம்மி'தான். ஒரு பை, அதில் இரண்டு மூன்று உளி, ஒரு சுத்தி. மூலதனம் அவ்வளவே. வங்காளிகளின் அம்மிக்கு அலங்காரம் அதிகம். தலைப்பக்கம் கூராக இருக்கும். அங்கே ஒரு மீனையும் செதுக்கச் சொல்வார்கள். மீன் இல்லாமல் அங்கே கல்கூடக் கிடையாது. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் பல வீடுகளில் அம்மிக்கும் குழவிக்கும் பூஜை செய்து ஓய்வு கொடுக்கிறார்கள். அன்று அடுப்பு மூட்டுவதில்லை, முந்தின நாள் சமைத்ததுதான் சாப்பாடு. ஆயுத பூஜையன்று புத்தகத்தை மூடிவைக்கும் நமக்கு இது புரியும்.

சமீபத்தில் இங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் பரணிலிருந்து பழைய திருகை ஒன்று இறங்கியது. பாலிஷ் போட்டு, மேலே கண்ணாடி வைத்து டீப்பாய் ஆக்கலாம் என்றார் பேரன். எண்பதைத் தாண்டிய பாட்டி சம்மதிக்கவில்லை. அம்மி கொத்துபவரைக் கூப்பிட்டார்.

"ஜாத்தாவா! பார்த்து எத்தனை வருஷமாச்சு, மாஷிமா" என்றாராம் அவர். வங்காளி வாயில் முதலில் வரும் 'ய' 'ஜ' ஆகிவிடும். யாத்திரை அங்கே ஜாத்ரா. யந்திரம் ஜாத்தா ஆனதும் அப்படித்தான். நம் பக்கம் சில வீடுகளில் திருகையை ஏந்திரம் என்பார்கள். இரண்டும் ஒரே சொல்லின் பிள்ளைகள். சங்க இலக்கியத்தில் கரும்பு ஆலைக்கும் எந்திரம் என்று பெயர் உண்டு.

பாலிஷ் யோசனையைப் போல ஒரு திருகைக்குக் கெடுதல் வேறில்லை. இரு கல்லும் உரசும் முகம் வழவழத்துப் போனதுதான் நோயே: தானியம் உடையாமல் வழுக்கும், மாவு சூடேறும். உளியால் பொடிப்பொடியாகக் குழி கொத்த வேண்டும். ஆழமாகப் போனால் உடைசல் சமமாக வராது. நடுவில் இடைவெளி சற்று அதிகமாகவும் விளிம்பில் நூலளவாகவும் இருந்தால்தான் தானியம் உள்ளே நுழைந்து, வெளியே வரவர நொறுங்கும். நடு முளை தேய்ந்திருந்தால் மேல்கல் ஆடி ஒரு பக்கமாகத் தேயும். இந்தத் திருகைக்கு அதுவும் இருந்தது. புது முளைக்குத் தச்சர் வந்தார். கிரைண்டர் வந்ததால் இந்த வேலை ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். கோவையில் சபாபதி 1955இல் உருவாக்கிய வெட் கிரைண்டரின் கல்லும் தேயத்தான் செய்கிறது, அதையும் கொத்தத்தான் வேண்டும்.

எனக்கு உறுத்தியது வேறு. அவர் மூக்கில் துணி இல்லை. கருங்கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. சிலிக்கோசிஸுக்கு முழுக் குணமும் கிடையாது. 2009இல் ஆய்லா புயலுக்குப் பிறகு வடக்கு 24 பர்கானாவின் மினாகான் பக்கத்திலிருந்து கல் உடைக்கும் ஆலைகளுக்குப் போன பல இளைஞர்கள் இந்த நோயோடு திரும்பி, இறந்தும் போனார்கள். கை உளியின் தூசி ஆலைத் தூசி அளவு இல்லைதான். ஆனால் இவர் கொத்துவது வாழ்நாள் முழுக்க. பாட்டி ஒரு சொம்புத் தண்ணீரும் பழைய வேட்டித் துண்டும் கொடுத்தார். கல்லை நனைத்துக்கொண்டே கொத்தினால் தூசி கிளம்புவது குறையும். வேலை மெதுவாகும், கூலியை அதற்கேற்பக் கூட்டித் தந்தார்கள்.

கொத்திய பிறகு மூன்று முறை அரிசியை அரைத்துக் கொட்டினார்கள், கல்பொடி போவதற்காக. நான்காவது முறை பாசிப்பயறு. வறுத்துவிட்டு உடைப்பதா, உடைத்துவிட்டு வறுப்பதா என்று பாட்டிக்கும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளுக்கும் அன்று தொடங்கிய வாதம் இன்னும் முடியவில்லை.